வரி பூஜ்யம்தான், பேப்பர் எவ்வளவு? நார்வே, சுவிஸ், துருக்கி, பிரிட்டன் ஒப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாமல், அதையே முதல் சந்தையாக வைத்துப் பிழைக்கும் அண்டை நாடுகளில் பெரியவை நான்கு: நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி, பிரிட்டன். தொழிற்சாலைப் பொருட்களுக்கு நான்கு நாடுகளும் ஒன்றியத்தோடு பூஜ்ய வரி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. வரி அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது லாரி எல்லையில் நிற்கும்போது. அங்கே கேட்கப்படுவது வரி மட்டுமல்ல. சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது, தர விதிக்கு உட்பட்டதா, உணவு என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்து இருக்கிறதா என்ற கேள்விகளும் உண்டு. இந்தக் கேள்விகளில் நான்கு நாடுகளும் வாங்கியிருக்கும் விலக்கு வெவ்வேறு.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. நார்வே 1994 ஜனவரி 1 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான ஒற்றைச் சந்தை விதிகள் அங்கேயும் சட்டம். ஆனால் சுங்க ஒன்றியம் (வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடும் ஏற்பாடு) கிடையாது. விவசாயமும் மீனும் பெரும்பாலும் வெளியே. அதே ஏற்பாட்டை சுவிஸ் மக்கள் 1992 டிசம்பர் 6 வாக்கெடுப்பில் 50.3% ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட்டார்கள். அதனால் அங்கே 1972-இல் போட்ட தடையற்ற வணிக ஒப்பந்தமும், அதன்மேல் துறைவாரியாக அடுக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட இருதரப்பு ஒப்பந்தங்களும்தான். துருக்கி 1995 டிசம்பர் 31 முதல் சுங்க ஒன்றியத்தில். பிரிட்டன் வெளியேறிய பிறகு 2021 ஜனவரி 1 முதல் தனி வணிக ஒப்பந்தத்தில்.

ஒரு சட்டை, நான்கு கணக்கு

வித்தியாசம் பளிச்சென்று தெரியும் பொருள் சட்டை. சீனாவில் நெய்த பருத்தித் துணியை வாங்கி, வெட்டித் தைத்து, ஜெர்மனிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றியத்தின் பொது வரி துணிக்கு 8%, சட்டைக்கு 12%.

துருக்கியில் தைத்தால், துணி உள்ளே வரும்போதே வரி கட்டியாகிவிட்டது. அதன் பிறகு சட்டை எந்த நாட்டுப் பொருள் என்பதை ஜெர்மன் சுங்கம் கேட்பதில்லை. சரக்கு ‘தடையற்ற புழக்கத்தில்’ இருக்கிறது என்று காட்டும் ஏ.டி.ஆர். சான்றிதழ் போதும். வரி பூஜ்யம். சான்று கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதம் செல்லும். வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏற்றுமதிக்காக என்று வரி கட்டாமல் துணியை இறக்கியிருந்தால், கட்டாமல் விட்ட அந்த வரிக்கு ஈடான ‘ஈட்டு வரி’யைக் கட்டிய பிறகே ஏ.டி.ஆர். எடுக்க முடியும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொன்னால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

பிரிட்டனில் தைத்தால் கதை வேறு. அந்த ஒப்பந்தத்தின் மூல நாட்டு விதிப்படி, நெய்த துணியில் தைக்கும் ஆடைக்கு நெசவும் தையலும் இரண்டும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ நடந்திருக்க வேண்டும். தையல் மட்டும் போதாது. எனவே அந்தச் சட்டைக்கு முழு 12% விழும். ‘வரி இல்லை, கோட்டா இல்லை’ என்று முழங்கிய ஒப்பந்தத்தில் வரி கட்டியவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

நார்வேயும் சுவிஸும் இந்த விஷயத்தில் பிரிட்டன் பக்கம்தான்: மூல நாட்டைக் காட்டியாக வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஐரோப்பிய–மத்தியதரைக்கடல் மூல விதி உடன்படிக்கையில் இருப்பதால், துருக்கித் துணியையோ இத்தாலித் துணியையோ சொந்தத் துணிபோலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டன் அந்த வட்டத்தில் இல்லை. ஒன்றியத்தின் துணியைச் சேர்க்கலாம், துருக்கித் துணியைச் சேர்க்க முடியாது.

சுவிஸில் இன்னொரு விசித்திரம். 2024 ஜனவரி 1 முதல் எந்த நாட்டிலிருந்து வரும் தொழிற்சாலைப் பொருளுக்கும் அங்கே இறக்குமதி வரி இல்லை. ஒருதலையாகவே ரத்து செய்துவிட்டார்கள். அதற்கு முன் வரியை மதிப்பில் போடாமல், 100 கிலோ மொத்த எடைக்கு இவ்வளவு என்று போட்டுவந்தார்கள். கைக்கடிகாரப் பாகத்துக்கு ஒன்றும் தெரியாது, கனமான மலிவுச் சரக்குக்குத்தான் வலிக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதை நம்பி மூல நாட்டுச் சான்றைச் சேகரிக்காமல் விடும் சுவிஸ் இறக்குமதியாளர், அதே பாகத்தைப் பொருத்திய இயந்திரத்தை ஜெர்மனிக்கு அனுப்பும்போது மாட்டிக்கொள்வார். உள்ளே வர வரி இல்லை என்பதால் வெளியே போகவும் இல்லை என்று ஆகிவிடாது.

எந்தக் காகிதம், எங்கே தப்பும்

நார்வே, சுவிஸ் சரக்குக்கு, 6,000 யூரோ வரை எந்த ஏற்றுமதியாளரும் இன்வாய்ஸிலேயே மூல நாட்டு வாசகத்தை எழுதிவிடலாம். அதற்கு மேல் யூர்.1 என்ற மூல நாட்டுச் சான்று, அல்லது அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியாளர் எண். துருக்கிக்குத் தொழிற்பொருள் என்றால் ஏ.டி.ஆர்.; ஆனால் இரும்பு, எஃகு, விவசாய விளைபொருள் மூன்றும் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே என்பதால் யூர்.1 வேண்டும். எஃகுச் சுருளை ஏ.டி.ஆரில் அனுப்பிவிட்டு, பல்கேரிய எல்லையில் தலையைச் சொறிவது அடிக்கடி நடக்கும் தவறு.

பிரிட்டனுக்குச் சான்றிதழ் என்ற தாளே இல்லை. பெரும்பாலும் இன்வாய்ஸில் எழுதும் அறிக்கைதான். பிரிட்டிஷ் ஏற்றுமதியாளர், சுங்கம் தனக்குக் கொடுத்த இயோரி எண்ணைப் போட வேண்டும் (நம்மூர் ஏற்றுமதி-இறக்குமதியாளர் எண்ணான ஐ.இ.சி. மாதிரி). ஒன்றியத்து ஏற்றுமதியாளர் 6,000 யூரோவைத் தாண்டினால் ரெக்ஸ் எண் (பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் எண்) வேண்டும். இயோரிக்குப் பதிலாக வாட் எண்ணை எழுதுவது, வாசகத்தைப் பாதியில் விடுவது, இரண்டும் சலுகையைக் கெடுக்கும். வாங்குபவர் முழு வரி கட்டிச் சரக்கை எடுத்துவிட்டு, மூன்று ஆண்டுக்குள் சரியான அறிக்கையோடு திரும்பக் கேட்கலாம். ஏற்றுமதியாளர் ஆதாரங்களை நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மூல விதி எவ்வளவு மூர்க்கமானது என்பதற்கு: ஜெர்மனியில் செய்த மிட்டாயை லண்டன் கிடங்கில் இறக்கி, அப்படியே ஒன்றிய உறுப்பினரான அயர்லாந்தின் டப்ளினுக்கு அனுப்பினால் அது ‘ஒன்றியத்துப் பொருள்’ என்ற சலுகையை இழந்துவிடும். பெட்டி மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் அதைப் பிரிட்டிஷ் பொருளாக்காது. 2021 ஆரம்பத்தில் அயர்லாந்துக் கடைகளின் அலமாரி காலியானதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோறு விஷயம்

உணவில் வரிசை தலைகீழாகிறது. வரியில் தாராளம் காட்டுவது பிரிட்டன் ஒப்பந்தம்தான்: இறைச்சி, பால், மீன் எல்லாம் பூஜ்யம். ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று வேண்டும். சமைக்காத சாசேஜ் குளிரூட்டிய நிலையில் போகவே முடியாது, உறையவைத்துத்தான் போகலாம். ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவருவதும் அப்படியே: 2024 ஏப்ரல் 30 முதல் பிரிட்டன் நேரடிச் சோதனையைத் தொடங்கியது. டோவர் துறைமுகம் வழி வரும் சரக்குக்குச் சோதனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வகைக்கு 29 பவுண்டு வரை, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு கட்டணம் வைத்தார்கள். முழு லாரி ஒரே வகைப் பாலாடைக்கட்டி ஏற்றுபவருக்கு இது தூசு. ஒரே லாரியில் பத்து சிறு கடைக்காரர்களின் சரக்கை ஏற்றுபவருக்கு ஒவ்வொரு கடைக்கும் தனிக் கட்டணம், தனிச் சான்று. ஒருவர் தாளில் பிழை என்றால் பத்துப் பேர் சரக்கும் நிற்கும். சிறு வியாபாரிகள் இந்த வழியைக் கைவிட்டது வரியால் அல்ல, இந்தக் கூட்டு லாரியால். 2025 மே 19 லண்டன் உச்சிமாநாட்டில் உணவுச் சோதனையைத் தளர்த்த இரு தரப்பும் பேச ஒப்புக்கொண்டதற்குப் பின்னால் இருப்பது இந்த வலிதான்.

நார்வே இதற்கு நேர் எதிர். வரி உண்டு, மருத்துவச் சோதனை இல்லை. முழு சால்மன் மீனுக்கு ஒன்றியம் 2% போடுகிறது, புகையூட்டிய சால்மனுக்கு 13%. அதனால்தான் நார்வே மீன் முழுசாகவே போலந்துக்கும் டென்மார்க்குக்கும் போய் அங்கே பதமாகிறது. வேலையும் அங்கேயே போய்விட்டது. நார்வேயும் சும்மா இல்லை: 2013-இல் கடினப் பாலாடைக்கட்டிக்கு 277% வரி போட்டது. சுவிஸ் இரண்டிலும் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசியது. பாலாடைக்கட்டி 2007 ஜூன் 1 முதல் இரு பக்கமும் முழுத் தடையின்றி. கால்நடைச் சோதனையும் இல்லை. துருக்கியின் எலுமிச்சையும் மிளகாயும் பூச்சிமருந்து எச்சத்துக்காக பல்கேரிய எல்லையில் வரிசையில் நிற்கின்றன.

தர விதியும் கார்பனும்

தர விதியில் நார்வேதான் நிம்மதி, ஒன்றியத்தின் விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை போட்ட சரக்கு ஒஸ்லோவிலிருந்து போனாலும் ஸ்டாக்ஹோமிலிருந்து போனாலும் ஒன்றே. நார்வே–சுவீடன் எல்லையில் உள்ள ஸ்வினேசுந்திலும் லாரி ஒரே இடத்தில் நிற்கும். 1959 ஒப்பந்தப்படி ஒரு நாட்டுச் சுங்கமே இரு நாட்டு வேலையையும் முடிக்கலாம். சுவிஸ் ஏற்பாடு, ஒருவர் தரச் சான்றை மற்றவர் ஏற்கும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரைதான். 2021 மே 26 அன்று அதன் மருத்துவக் கருவி அத்தியாயம் புதுப்பிக்கப்படாமல் போனது. அன்றிலிருந்து சுவிஸ் ஊசி, செயற்கை மூட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியும் லேபிளில் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டியதாயிற்று. பிரிட்டன் ஒன்றியத்தின் சி.இ. முத்திரையை ஏற்கிறது, ஆனால் பிரிட்டிஷ் சோதனை நிறுவனம் கொடுக்கும் சான்று ஒன்றியத்தில் செல்லாது. ஒருவழிப் பாதை.

கார்பன் உமிழ்வுக்கு 2026 ஜனவரி 1 முதல் புதுக் கணக்கு. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றுக்கு உற்பத்தியில் வெளியான கார்பனைக் கணக்கிட்டு ஒன்றியம் கார்பன் எல்லைக் கட்டணத்தைத் தொடங்கிவிட்டது. நார்வேயும் சுவிஸும் ஒன்றியத்தின் கார்பன் சந்தையோடு (உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் ஏற்பாடு) இணைந்திருப்பதால் விலக்கு. துருக்கிக்கும் பிரிட்டனுக்கும் இல்லை. ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழே வாங்கும் இறக்குமதியாளருக்குத் தொல்லை இல்லை. ஆனால் விலக்கு என்பது கவசமல்ல: 2025 நவம்பரில் ஒன்றியம் எஃகுத் தயாரிப்பில் சேர்க்கும் ஃபெர்ரோ உலோகக் கலவைகளுக்குப் பாதுகாப்பு வரி விதித்தபோது நார்வேயையும் விட்டுவைக்கவில்லை.

துருக்கியின் நிஜக் குறை வேறிடத்தில். ஒன்றியம் வேறொரு நாட்டோடு வரியைக் குறைத்தால், அந்த நாட்டுச் சரக்கு ஒன்றியம் வழியாகத் துருக்கிக்குள் வரும். துருக்கிச் சரக்குக்கு அந்த நாட்டில் சலுகை கிடைக்காது. ஜப்பான் இதற்கு உதாரணம். கதவைத் திறக்கும் பேச்சில் அங்காராவுக்கு நாற்காலி கிடையாது.

திருப்பூர் சரக்குக்கு

ராட்டர்டாமில் வரி கட்டி இறக்கிய திருப்பூர் டி-ஷர்ட்டை பிறகு லண்டனுக்கு மாற்றினால், அது இந்தியப் பொருள்தான்; பிரிட்டனில் இரண்டாவது வரி விழும். சுவிஸுக்கு மாற்றினால் இரண்டாவது வரி இல்லை, ஆனால் முதலில் கட்டியது வீண். துருக்கிக்கு ஏ.டி.ஆரோடு போனால் தப்பலாம் என்று தோன்றும். அங்கே ஆடைக்கு மூல நாடு கேட்டுக் கூடுதல் வரி போடுவார்கள். எந்தப் பெட்டி எந்த நாட்டுக்கு என்று புக்கிங்கிலேயே முடிவாகவில்லை என்றால், சரக்கை ராட்டர்டாமில் வரி கட்டாமலே வைக்கும் பாண்டட் கிடங்கில் வைத்து, வரி கட்டாமலே அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோக உதவும் டி1 டிரான்சிட் தாளில் அனுப்புவதுதான் சரி. சேருமிடத்தில் ஒரே ஒரு வரி. டி1-ஐச் சேருமிடத்தில் முடித்துவைக்க மறந்தால் மட்டும், உத்தரவாதம் கொடுத்தவரிடமிருந்து ஒன்றியம் முழு வரியையும் வசூலித்துவிடும்.