டர்பன் ஈரக்காற்றில் பெல்லட் கிரில்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிவது

தென்னாப்பிரிக்கக் கரி அடுப்பான பிராய்க்குப் பதிலாக என்று நினைத்து பெல்லட் கிரில் வாங்கினால் ஏமாற்றம்தான். இது மரத்தூள் குச்சிகளை எரித்துப் புகை போடும் ஓவன். கரண்ட் போனால் நின்றுவிடும் ஓவன். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டு வாங்கினால் ஆட்டுத்தோளுக்கும் முழுக்கோழிக்கும் இதைவிடச் சுலபமான அடுப்பு கிடையாது. சாப்ஸ் வாட்டக் கரியே நல்லது. பெரும்பாலான மாடல்கள் 230 முதல் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறுவதில்லை, அதனால் மேலே அந்தக் கருக்கல் விழாது.

ஹாப்பர் என்ற தொட்டியில் கொட்டும் 6 மி.மீ. தடிமன் பெல்லட்டை ஆகர் என்ற திருகு தள்ளிக்கொண்டுபோய் நெருப்புக் கிண்ணத்தில் போடும். இக்னைட்டர் பற்றவைக்கும், ஃபேன் ஊதும், உள்ளே இருக்கும் சென்சரைப் பார்த்து கன்ட்ரோலர் ஆகரை ஓட்டி நிறுத்தும். இதை முதலில் கொண்டுவந்த ட்ரேகர் நிறுவனத்தின் காப்புரிமை 2006-இல் முடிந்தபின் இதே அமைப்பு பல பெயர்களில் வருகிறது. ஆகவே பெயரைவிட கன்ட்ரோலர் பிஐடி வகையா (வெப்பத்தை விடாமல் கணக்கிட்டு ஒரே அளவில் நிறுத்துவது) என்று பார்ப்பது முக்கியம். வைஃபை, ஆப் எல்லாம் இருந்தால் இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த 120 வோல்ட் மாடல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் கருகிவிடும்.

கடையில் கட்டாயம் குனிந்து பார்க்க வேண்டியது ஒன்று: ஹாப்பரின் அடியில் பெல்லட்டை வெளியே கொட்ட ஒரு கதவு இருக்கிறதா? ஜொஹானஸ்பர்க் வறண்ட காற்றில் அது ஒரு வசதி மட்டுமே. டர்பனில் அது இல்லாத கிரில்லை வாங்கவே கூடாது. பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள். ஈரம் பட்டதும் உப்பி உதிர்ந்து, ஆகர் குழாயில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். புரட்டாசி முழுக்கக் கறி சமைக்காத வீடுகளில்தான் இது அதிகம் நடக்கும். ஹாப்பர் நிறைய பெல்லட்டோடு கிரில் சும்மா நிற்கும், வெளியே மழைக்காலம் தொடங்கியிருக்கும். விரதம் முடிந்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகும், திருகு சுற்றாது. விடாமல் ஓட்டினால் மோட்டாரையும் திருகையும் இணைக்கும் சிறு ஆணி (பின்) உடையும்.

அப்போது பிளக்கைப் பிடுங்கி, ஹாப்பரைக் காலிசெய்து, பின்னைக் கழற்றி மோட்டாரை எடுத்துவிட வேண்டும். திருகின் தண்டை ஸ்பேனரால் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வெளியே இழுத்து, குழாயைச் சுரண்டி, வாக்குவம் போட்டால் போதும். தண்ணீர் ஊற்றி ஊறவைக்கும் யோசனை யாருக்கும் வரக்கூடாது. சமைத்து முடித்ததும் பெல்லட்டை ரப்பர் வளையம் உள்ள மூடி போட்ட வாளியில் கொட்டி வைத்தால் இந்தத் தொல்லையே வராது. மறுபடி ஹாப்பரில் கொட்டுமுன் ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் நல்லது, மாவாக உதிர்ந்தால் வீசிவிட வேண்டியதுதான். வீட்டைச் சூடாக்க விற்கும் ஹீட்டர் பெல்லட் சமையலுக்கு ஆகாது. பைன் மரமும் மரப்பட்டையும் கலந்திருக்கலாம்.

அடுத்த தலைவலி மின்வெட்டு. சமையல் நடுவே கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், கிண்ணத்தில் பாதி எரிந்த பெல்லட் புகையும், அந்தக் கனல் ஆகர் வழியே ஹாப்பர் பக்கம் ஏறப் பார்க்கும். முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட்டினால் நிறைந்த கிண்ணத்தின்மேல் இன்னும் பெல்லட் விழுந்து, அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பி, மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றி மூடியைத் தூக்கி அடிக்கும். ஆறியபின் கம்பித்தட்டையும் கொழுப்புத் தட்டையும் எடுத்து, கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. பற்றவைக்கும் சில நிமிடங்கள் 200 முதல் 300 வாட், பிறகு ஏறக்குறைய 50 வாட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 வாட்-மணி. நஷ்டம் போக எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ப்யூர் சைன் வேவ் வகையே வாங்குங்கள், மற்றதில் சில மோட்டார்கள் முனகிச் சூடாகும்.

இக்னைட்டர் தேயும் பொருள். சந்தேகம் வந்தால் பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரில் அளக்கலாம்: 230 வோல்ட், 200 வாட் என்றால் சுமார் 265 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் அது போய்விட்டது.

இரண்டு கிலோ ஆட்டுத்தோளை 110 டிகிரியில் வைத்தால், உள்ளே 93 வர ஆறிலிருந்து எட்டு மணி நேரம். மணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ பெல்லட் போகும். நடுவில் 70-ஐ ஒட்டி வெப்பம் ஏறாமல் நிற்பது ரிப்பேர் அல்ல. ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. கோழிக்கு 110 வேண்டாம், தோல் ரப்பராகும். 180-இல் வைத்து உள்ளே 74 வந்ததும் எடுங்கள். அடுப்பு 180-க்குமேல் போனால் மிளகாய் தூக்கலான நம் மசாலா கசக்கும். ஆட்டுத்தோளில் புகை போதவில்லை என்பவர்கள் முதல் இரண்டு மணி நேரத்தை 90 டிகிரியில் ஓட்டலாம்.

ஆட்டுக்கறி சமைத்த அன்றே கொழுப்புத் தட்டைச் சுரண்டி, ஃபாயிலை மாற்றிவிடுங்கள். மறுவாரம் அதே தட்டோடு 220-க்குத் திருப்பினால் பற்றிக்கொள்ளும். பற்றினால் மூடியைத் திறக்காமல் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் கூடவே கூடாது.