தோற்கப்போகும் மாநிலத்துக்குப் பிரசாரம் போகலாமா? ‘தி கிரீன் பேப்பர்ஸ்’ தளம் எதற்கு உதவும், எதற்கு உதவாது

அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிகளைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு ‘தி கிரீன் பேப்பர்ஸ்’ புதிதல்ல. ரிச்சர்ட் பெர்க்-ஆண்டர்சன், டோனி ரோசா இருவரும் 1999-இல் தொடங்கிய இலவசத் தளம். கண்ணைக் கவரும் வரைபடங்களை எதிர்பார்க்க வேண்டாம். முழுக்க எழுத்தும் அட்டவணையும்தான்; செல்போனில் படிப்பது சிரமம். ஆனால் “இங்கே தோற்போம் என்று தெரிகிறது, போவதா விடுவதா?” என்று குழம்பும் பிரசாரக் குழு முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்.

செய்தித் தளங்கள் பெரும்பாலும் மாநில மொத்தத்தோடு நின்றுவிடும். இங்கே தொகுதிவாரியாக எத்தனை டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் பிரதிநிதி) என்று இருக்கும். அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்குகளைத் தொட்டவர்களுக்கு விகிதப்படி டெலிகேட் பங்கு. இருவர் மட்டும் மோதும்போது, 4 டெலிகேட் உள்ள தொகுதியில் முந்துபவர் 62.5 சதவீதத்தைத் தாண்டும்வரை 2-2தான். 6 என்றால் 58.3 வரை 3-3. ஆகவே 4 டெலிகேட் தொகுதியில் 45 சதவீதத்தில் இருக்கிறவர் அங்கே மேலும் பணத்தைக் கொட்டுவது வீண். 35-இல் இருப்பவர் 38-க்கு ஏறினால் ஒரு டெலிகேட் கிடைக்கும். 5 டெலிகேட் தொகுதியில் 28-இலிருந்து 31-க்கு ஏறினாலும் அப்படித்தான். தோற்கும் மாநிலத்தில் பேருந்து எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

2008-இல் ஒபாமா குழு இந்தக் கணக்கைத்தான் போட்டது. பிப்ரவரி 5 அன்று நியூஜெர்சியில் தோற்றும் 48 டெலிகேட்டுகள் கிடைத்தன. 59 பெற்ற ஹிலாரி கிளின்டனுக்கு லாபம் 11. அதே நாளில் மக்கள்தொகை குறைந்த ஐடஹோவின் காக்கஸில் (கட்சியினர் கூடி ஆதரவைத் தெரிவிக்கும் கூட்டம்) ஒபாமாவுக்கு 15, கிளின்டனுக்கு 3, லாபம் 12. நெவாடாவில் கூடுதல் ஆதரவு பெற்றவர் கிளின்டன், ஆனால் டெலிகேட் கணக்கு ஒபாமாவுக்கு 13, அவருக்கு 12. டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத் தொகுதிகளை விட்டுவிட்டு 31 மாநில செனட் (மாநிலச் சட்டமன்ற மேலவை) தொகுதிகளின்படி பங்கிடும். தவறான வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் எல்லாம் பிசகும்.

குடியரசுக் கட்சிப் பக்கங்களில் அட்டவணைக்கு முன்னால் விதிமுறைப் பத்தியைப் படித்தே ஆக வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தென் கரோலினாவில் மாநில அளவிலும் தொகுதியிலும் முதலிடம் பெற்றவருக்கே எல்லாம். 2016-இல் ட்ரம்ப் 32.5 சதவீத வாக்குகளோடு 50 டெலிகேட்டுகளையும் அள்ளினார். 2024-இல் அவரை எதிர்த்த நிக்கி ஹேலி 39.5 சதவீதம் பெற்றும் கிடைத்தது 3தான், அதுவும் முதலாம் தொகுதியை வென்றதால். இப்படிப்பட்ட மாநிலத்தில் 30-ஐ 40 ஆக்க உழைப்பதில் பயனில்லை. ஜெயிக்கக்கூடிய ஒரே தொகுதியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும்.

இனி குறைகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதி எல்லைகள் மாறிவிடும், அதனால் 2020 பக்கத்தை வைத்து அடுத்த தேர்தலுக்குத் திட்டமிடக் கூடாது. தேர்தல் இரவில் காட்டும் பங்கீடு மதிப்பீடுதான், வாக்குகள் சான்றளிக்கப்படும்வரை ஒன்றிரண்டு நகரும். விளம்பரச் செலவுக் கணக்கும் இதில் கிடையாது. பிலடெல்ஃபியா டிவியில் காசு போட்டால் தெற்கு நியூஜெர்சிக்கும் டெலவேருக்கும் சேர்த்தே போகிறது. அதை நாம்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெரிய குறை, மானக்கேட்டுக்கு இங்கே எண் இல்லை. 2024 பிப்ரவரி நெவாடா பிரைமரியில் குடியரசுக் கட்சிக்கு டெலிகேட்டே கிடையாது, எல்லாம் தனியாக நடந்த காக்கஸுக்குத்தான். ஹேலி அங்கே பிரசாரத்துக்குப் போகாதது அட்டவணைப்படி சரி. ஆனால் வாக்குச்சீட்டில் இருந்த ‘இவர்களில் யாருமில்லை’ அவரைவிட இரண்டு மடங்கு வாக்குகள் பெற்றது. மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான்.