ஓடாத ஐஎஸ்ஓ ஃபைல்களோடு பதினைந்து வருடம்

2009-ல் வீட்டில் கிடந்த டிவிடிகளை எல்லாம் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக, ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைத்தேன். அக்கா கல்யாணம், பையனின் முதல் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா என்று மொத்தம் 43. டிஸ்க்கில் கீறல் விழும், ஃபைலில் விழாது என்று ஒரு நம்பிக்கை. ஃபைல்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் இதற்குள் கம்ப்யூட்டர் மூன்று தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் முந்தின வாரம் வரை ஓடியது ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும்.

முதல் அடி விண்டோஸ் 8. ஐஎஸ்ஓ-வை டபுள் க்ளிக் செய்தாலே தனி டிரைவாக மவுண்ட் ஆகும் வசதி அதில்தான் வந்தது. மீடியா பிளேயரிலிருந்து டிவிடி ஓட்டும் வசதியைத் தூக்கியதும் அதிலேதான். கதவைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்த மாதிரி. மவுண்ட் ஆனதும் ஃபோல்டர் மட்டும் தெரியும், படம் வராது. அன்று விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயருக்கு மாறியவன் இன்னும் அதில்தான் இருக்கிறேன். மவுண்ட் செய்யவே வேண்டாம்; ஃபைலை அப்படியே இழுத்து அதன் மேல் போட்டால் போதும்.

இரண்டாவது கம்ப்யூட்டரில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது, இமேஜ் ஃபைல் (ஐஎஸ்ஓ) கெட்டுவிட்டதாக விண்டோஸ் காட்டிய செய்தி. கல்யாண ஃபைல் வேறு. அழிக்கப் போகும்முன் விஎல்சி-யில் போட்டுப் பார்த்தேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி நன்றாக இருந்தது. பேக்கப் எடுத்த மென்பொருள் அந்த ஃபைலை 'ஸ்பார்ஸ்' (வெற்றுப் பகுதிகளுக்கு இடம் ஒதுக்காத ஃபைல்) என்று குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறி இருந்தால் விண்டோஸ் மவுண்ட் செய்யாது. கமாண்ட் பிராம்ப்டில் எஃப்எஸ்யூடில் (fsutil) கட்டளையால் குறியை 0 ஆக்கியதும் சரியானது. அதிலிருந்து ஒரே ஒரு பிளேயரோ ஒரே ஒரு எரர் செய்தியோ சொல்வதை நம்பி எதையும் டெலீட் செய்வதில்லை.

நிஜமாகவே கெட்ட ஃபைலைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. டிவிடி-யில் தகவல் 'செக்டர்' என்ற சம அளவுத் துண்டுகளாக இருக்கும்; ஒரு செக்டர் 2048 பைட். ப்ராபர்ட்டீஸில் காட்டும் பைட் எண்ணிக்கையை 2048-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. வந்தால் அநேகமாகக் காப்பி பாதியில் அறுந்திருக்கிறது. மீதி வராததால் மட்டும் ஃபைல் நல்லது என்றும் ஆகாது. ஆண்டு விழா ஃபைல் எனக்கு இப்படித்தான் மாட்டியது: மெனு வரும், முக்கால்வாசி ஓடும், எப்போதும் ஒரே நடனத்தின் நடுவில் நிற்கும். பெரிய டிவிடி-யை எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும் பென் டிரைவில் ஏற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது, ஒற்றை அடுக்கு டிவிடி-யே 4.7 ஜிபி வரை வரும்.

அந்தக் காலத்தில் சில டிஸ்க்குகளை நீரோ மென்பொருளின் என்ஆர்ஜி வடிவில் சேமித்திருந்தேன். ஃபைல் பெயரின் கடைசியை ஐஎஸ்ஓ என்று மாற்றினால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றினேன், எதிலும் திறக்கவில்லை. ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சாதாரண ஐஎஸ்ஓ-வில் 32,769-ஆம் பைட் இடத்தில் 'சிடி001' என்ற எழுத்துகள் இருக்கும். இதில் அவை சரியாக 3,07,200 பைட் தள்ளி உட்கார்ந்திருந்தன. முன்னால் இருந்த அந்த 300 கேபி-யை வெட்டிவிட்டதும் மற்றதெல்லாம் அசல் ஐஎஸ்ஓ. எம்டிஎஃப் என்ற இன்னொரு வகை நகல் ஃபைல்கள் இவ்வளவு படுத்தவில்லை. என்னிடம் இருந்த டிவிடி எம்டிஎஃப்களுக்குப் பெயரை மாற்றியதே போதுமாக இருந்தது.

மெனு தொல்லை தனி ரகம். வீடியோ எடுத்தவர்கள் அவசரத்தில் செய்த மெனுக்கள் பல. இசை சுற்றிச் சுற்றி வரும், எண்டர் அழுத்தினால் அசையாது. சிலவற்றில் மவுஸால் க்ளிக் செய்தால் போகும். அதுவும் இல்லையென்றால் மவுண்ட் செய்து, விஎல்சி-யின் ஓப்பன் டிஸ்க் பகுதியில் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்பதை டிக் செய்தால் நேராகப் படத்துக்குப் போய்விடலாம். உள்ளே புகுந்து படமும் ஒலியும் இருக்கும் விஓபி ஃபைல்களைத் தனித்தனியாக ஓட்டுவதை நான் விட்டுவிட்டேன். படம் 1 ஜிபி துண்டுகளாக இருக்கும், நேரம் காட்டும் எண் பைத்தியம் பிடித்த மாதிரி குதிக்கும், சப்டைட்டில் நிறமும் மாறும், ஏனென்றால் அந்த விவரமெல்லாம் ஐஎஃப்ஓ ஃபைலில் இருக்கிறது. ஐஎஃப்ஓ-வே கெட்டால்? பக்கத்திலேயே பியூபி என்று அதன் நகல் இருக்கும். ஃபோல்டரை வெளியே எடுத்து, பியூபி-யை ஐஎஃப்ஓ என்று பெயர் மாற்றிப் பிறந்தநாள் டிஸ்க்கை மீட்டிருக்கிறேன்.

யாராவது கையை ஆட்டினால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிகிறதா? ஃபைலில் குறை இல்லை, இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைப் பதியும்) வீடியோ அப்படித்தான். விஎல்சி-யில் 'டி' (D) விசையைத் தட்டுங்கள்.

ஆண்டு விழாவுக்கு நல்லவேளையாக டிஸ்க் பாக்கி இருந்தது. லேப்டாப் டிரைவ் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை எடுத்தேன். அது எதை வாசித்தது, எதை விட்டது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அதே மேப் ஃபைலோடு டிஸ்க்கைப் பழைய டெஸ்க்டாப் டிரைவில் போட்டேன். விட்டுப்போனதை மட்டும் தேடிப் படித்தது. ராத்திரி முழுக்க ஓடி, காலையில் 14 செக்டர் தவிர மீதி எல்லாம் வந்துவிட்டது. நடனத்தின் நடுவில் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவுதான். (கடையில் வாங்கிய பூட்டுப் போட்ட டிவிடிகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவற்றில் சாவி இருக்கும் பகுதி சாதாரண நகலில் வராது.)

இப்போது தினப்படி பார்ப்பதற்கு மேக்எம்கேவி என்ற மென்பொருளால் எம்கேவி வீடியோ ஃபைல் ஆக்கி வைத்திருக்கிறேன். மறுபடி சுருக்காமல் அப்படியே எடுப்பதால் தரம் குறையவில்லை, டிவியிலும் ஓடுகிறது. ஐஎஸ்ஓ-க்களை அழிக்கவில்லை. காரணம் அக்கா. மெனுவில் சுற்றும் அந்த ரோஜாப்பூவும் கீபோர்டு இசையும் இல்லாவிட்டால் அது தன் கல்யாண கேசட்டே இல்லை என்கிறாள். அவள் வந்தால் ஐஎஸ்ஓ-வைத்தான் போடுகிறேன். மெனுவில் எண்டர் வேலை செய்யாது, மவுஸை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.