கொப்பியா, டெப்பா? மலையில் இருந்து பார்த்தால்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள வேலை எனக்கு. தேயிலை மலையில் கண்டதையெல்லாம் 9 வருடம் கொப்பியில், அதாவது நோட்டுப் புத்தகத்தில், எழுதியும் வரைந்தும் வைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் டெப்புக்கு, அதாவது பேனாவால் திரையில் எழுதும் டேப்லெட்டுக்கு, மாறினேன். இரண்டிலும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலைநாட்டில் இருப்பவர்களுக்கு டெப்தான் சரி.

விலையில் கொப்பிதான் வெல்லும். ஒரு டெப்பின் காசுக்கு ஆயுசுக்கும் சி.ஆர். கொப்பி (பெரிய அளவு நோட்டு) வாங்கிவிடலாம். தேடி எடுக்கும் வசதியில் டெப் வெல்லும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இதை முடிவு செய்துகொடுத்தது ஈரம்.

நான் அதிகம் வரைவது தேயிலையில் பங்கசால் வரும் கொப்புள நோயை. தளிர் இலையில் முதலில் குண்டூசித் தலையளவு ஒரு வெளிறிய புள்ளி விழும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருக்கும். அப்புறம் வட்டமாகப் பெருத்து, இலையின் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, அந்தப் புடைப்பில் வெள்ளையாகப் பூக்கும். "போன்ல ஒரு படம் புடிச்சா முடிஞ்சிச்சே ஐயா" என்றார் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர். படமும் பிடிக்கிறேன். ஆனால் அந்தப் புள்ளியின் விளிம்பைக் கையால் வரையும்போதுதான் அது நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது.

இந்த நோய்க்கு மூடுபனியும் இலையில் காயாமல் நிற்கும் ஈரமும் வேண்டும். அதனால் நான் அதிகம் வரைவதும் தென்மேல் பருவமழை மாதங்களில்தான். கொப்பியில் பங்கசு (பூஞ்சணம்) பிடிப்பதும் அதே மாதங்களில்தான். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் காகிதம் தப்பாது. 2018ஆம் ஆண்டுக் கொப்பிகளைத் தகரப் பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன். திறந்தபோது அட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளி. நடுவில் அடித்திருந்த கம்பி துருப்பிடித்து இரண்டு பக்கமும் பழுப்பாகப் பரவியிருந்தது. ஜெல் பேனையில் எழுதிய திகதிகள் கரைந்து பின்பக்கத்தில் ஏறியிருந்தன. பென்சில் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. படம் இருக்கிறது, எந்த மலையில், எந்த நாளில் வரைந்தது என்பது இல்லை. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. அம்மா அடுப்புக்கு மேலே பரணில் வைத்த கொப்பிகள் ஈரத்துக்குத் தப்பின, புகையில் மஞ்சளாகிப் போயின.

டெப்பிலும் ஈரத்தோடு போராட்டம் உண்டு. நான் வைத்திருப்பது சாம்சங் கேலக்ஸி டெப் எஸ்6 லைட். கண்ணாடியில் தூறல் விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு திரை துள்ளும். விரலால் வரைவதை அமைப்பில் நிறுத்திவிட்டால் பேனா மட்டும் கோடு போடும். அந்தப் பேனா மின்காந்த முறையில் இயங்குவதால் நீர்த்துளி அதைக் குழப்புவதில்லை. அதற்குள் பற்றரியும் இல்லை. ஆனால் டெப் தண்ணீர் புகாத சாமான் இல்லை, அதனால் தெளிவான பொலித்தீன் பைக்குள் போட்டு மேலேயே வரைகிறேன். கோடு சுத்தமாக விழுகிறது. திரை வழுக்குகிறதே என்று சொரசொரப்பான தாள் ஒட்டினேன். கைக்குச் சுகம், பேனா முனை சீக்கிரம் தேய்கிறது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி மெமரி கார்டிலும் போட்டுவிடுவேன். அதைச் செய்யாவிட்டால் டெப் பழுதாகும் அன்று கொப்பியின் கதைதான் இதற்கும்.

கரண்ட் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது என் கையில் கொப்பிதான் இருந்தது. ஆனால் அதே மாதம் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். என் டெப்பின் பற்றரி ஐந்தாவது வருடத்தில் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

மின்மைத் திரைக் (இ-இங்க்) கருவி ஒன்றை நண்பரிடம் வாங்கி பத்து நிமிடம் எழுதிப் பார்த்தேன். காகிதம் போலவே உரசுகிறது. நான் பார்த்தது கறுப்பு வெள்ளை. வெளிர்பச்சைப் புள்ளியையும் இளஞ்சிவப்புப் புள்ளியையும் பிரித்துக் காட்ட வேண்டிய எனக்கு அது உதவாது.

கொட்டும் மழையில் டெப்பை வெளியே எடுப்பதில்லை. அந்த நாட்களுக்குச் சட்டைப்பையில் சின்னக் கொப்பியும் பென்சிலும் இருக்கின்றன, இரவில் டெப்புக்கு மாற்றிவிடுகிறேன். பழைய கொப்பிகளையும் இப்போது ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வருகிறேன். ஒட்டிப்போன பக்கங்களை வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, பிளேடை நுழைத்து மெதுவாகப் பிரிக்கிறேன்.