எகெரா, ஷிக்லோஷா? ஹங்கேரியில் ஒரு கோட்டையும் ஒரு வைன் ஊரும்

ஹங்கேரியில் குன்றின் மேல் கோட்டை, கீழே வைன் ஊர் என்றால் முதலில் வரும் பெயர் எகெர். தெற்கே, குரோஷிய எல்லைக்குப் பக்கத்தில், ஷிக்லோஷ் கோட்டையும் வில்லாஞ் என்ற வைன் ஊரும் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போவது?

கட்டடம்தான் முக்கியம் என்பவர்களுக்கு ஷிக்லோஷ். மதில், மாளிகை, தேவாலயம் எல்லாம் முழுசாக நிற்கின்றன. 1401-இல் ஹங்கேரியின் மன்னர் ஜிகிஸ்முண்டையே பிரபுக்கள் சிறைப்பிடித்து இங்கே வைத்திருந்தார்கள். எகெரில் அந்த முழுமை கிடையாது. 1702-இல் ஆஸ்திரியர்கள் கோட்டையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மேலே நிறைய வெட்டவெளி, இடிந்த பேராலயத்தின் அடிக்கற்கள்.

ஆனாலும் என் மனசு எகெர் பக்கம்தான். 1552-இல் இஷ்ட்வான் டோபோ தலைமையில், பெண்களையும் சேர்த்துச் சுமார் 2,000 பேர், பல மடங்கு பெரிய உஸ்மானிய (துருக்கிய) படையை 39 நாள் தடுத்து நிறுத்தினார்கள். எதிரி சுரங்கம் தோண்டுகிறானா என்று அறிய முரசின் மேல் பட்டாணியைப் போட்டு, அது அதிர்கிறதா என்று பார்த்தார்களாம். நிலவறைக்குள் நிற்கும்போது இந்தக் கதை வேறு மாதிரி கேட்கிறது. 1596-இல் கோட்டை விழுந்தது. 91 ஆண்டு உஸ்மானிய ஆட்சி. அதன் சாட்சியாக 40 மீட்டர் மினார், அதாவது மசூதிக் கோபுரம், ஊர் நடுவே இன்னும் நிற்கிறது. முற்றுகை, தோல்வி, மீட்சி மூன்றையும் மதில் மேலிருந்தே பார்த்துவிடலாம்.

வைன் மட்டும் என்றால் வில்லாஞ்தான் ஒரு படி மேல். அங்கே கபர்னே ஃபிரான் திராட்சையில் செய்வது கனமான, ஆழமான சிவப்பு வைன். எகெரின் பிகாவேர், அதாவது 'காளை ரத்தம்', பல திராட்சைகளின் கலவை. முற்றுகையின்போது வீரர்கள் குடித்த சிவப்பு வைனைப் பார்த்துக் காளை ரத்தம் என்று துருக்கியர் பயந்தார்கள் என்பது அழகான கதை. ஆனால் சிவப்பு திராட்சை அங்கே பரவியதே அதற்குப் பிறகுதான்.

வழியைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. புடாபெஸ்டிலிருந்து எகெருக்கு ரயிலில் சுமார் 2 மணி நேரம். பாறையைக் குடைந்த பாதாள வைன் அறைகள் நிறைந்த 'அழகியின் பள்ளத்தாக்கு'க்கும் ஊர் நடுவிலிருந்து நடந்தே போகலாம். ஷிக்லோஷுக்கோ பேச் நகரம் வரை போய், அங்கிருந்து இன்னும் தெற்கே போக வேண்டும். கோட்டைக்கும் வில்லாஞுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கார் எடுத்தால் ஓட்டுபவர் ஒரு வாய்கூட வைன் குடிக்கக் கூடாது, ஹங்கேரியில் சட்டம் அப்படி. அதனால் அந்தப் பக்கம் போவதென்றால் பகலில் கோட்டையை முடித்துவிட்டு, இரவு வில்லாஞிலேயே தங்கிவிடுங்கள்.