ஆர்டிபியா, டாஷா? முதுமாணி ஆய்வுக்கு எது?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்த மச்சாள், பல்லூடக வலையமைப்பில் முதுமாணி ஆய்வுக்கு, ஒலியையும் காணொளியையும் வலையில் அனுப்பும் ஆர்டிபி (RTP), டாஷ் (DASH) என்ற இரு முறைகளில் எதை எடுப்பது என்று கேட்டாள்.

நேரடி உரையாடலுக்கு ஆர்டிபி. 1996இல் வந்தது, பெரும்பாலும் யூடிபி (UDP, போய்ச் சேர்ந்ததா என்று பாராமல் தரவை அனுப்பும் விதிமுறை) மேல் ஓடும். வழியில் தொலைந்த பொதிக்காக, அதாவது சிறு தரவுக் கட்டுக்காக, காத்திராது. காத்திருந்தால் பேச்சே கெட்டுவிடும்: ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பதே நல்லது.

2012இல் தரநிலையான டாஷ் வேறு சாதி. காணொளியைச் சில செக்கன் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் சாதாரண வலைச் சேவையகத்தில் வைத்துவிடுவார்கள். எந்தத் தரம் வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் கருவியே தீர்மானிக்கும். மாங்குளம் தாண்டி பஸ் காட்டுக்குள் நுழைந்து சிக்னல் மெலிந்தால் படம் மங்கும். சேமித்த துண்டுகள் தீரும்வரை நிற்காது. ஆனால் பல செக்கன் பிந்தும். நேரடி வகுப்பில் நீங்கள் கேள்வி கேட்கும்போது விரிவுரையாளர் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்!

என் வாக்கு டாஷுக்கே. தரத்தை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற கணக்கை ஒரு கைபேசியுடன் முல்லைத்தீவுக்குப் போய்வந்தே சோதிக்கலாம். ஆர்டிபியில் ஒருவழித் தாமதத்தை அளக்கவே இரு முனையிலும் ஒத்தோடும் கடிகாரங்கள் வேண்டும்.