தேர்தல் நோட்டீஸ் அச்சகம்: 5க்கு 4

மச்சான் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது துண்டறிக்கை அடித்த கடை. எழுத்து தெளிவு, மை கையில் ஒட்டவில்லை. அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர், முகவரி எல்லாம் சட்டப்படி அவர்களே கேட்டுப் போடுகிறார்கள்.

டிசைனர் தம்பியின் கம்ப்யூட்டர்தான் வேடிக்கை. 'மதச்சார்பற்ற கூட்டணி வேட்பாளர்' ஒருவருக்கே மூன்று நோட்டீஸ்: கோயில் தெருவுக்கு நெற்றி நிறையத் திருநீறு, பள்ளிவாசல் பக்கம் பிறையோடு ரம்ஜான் வாழ்த்து, மாதா கோயில் பக்கம் சிலுவை. போட்டோ ஒன்றேதான், திருநீறு பூசுவதும் அழிப்பதும் தம்பி கையில். அவரை 'வாக்கு வங்கி அரசியல்' என்று திட்டும் எதிரணி நோட்டீஸும் பக்கத்திலேயே கிடந்தது, முகப்பில் வேலோடு!

மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படியே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாளியிடம் கேட்டேன். "இதுல எங்க சார் ஓட்டு கேட்டிருக்கு? வாழ்த்துதானே!" என்றார். கட்சி வக்கீலே தோற்றுவிடுவார்.

எங்கள் நோட்டீஸ் கட்டுக்குள் யாருடைய பிறை நோட்டீஸோ கலந்து வந்ததற்கு ஒரு நட்சத்திரம் குறைவு. அப்புறம், முழுப் பணமும் முன்கூட்டியே கேட்பார்கள்.